சத்தமில்லாத ஒத்திகை

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே கோகிலவாணிக்குப் புருஷனைப் பார்த்தாக வேண்டும். பார்ப்பது என்றால் முகத்தை அல்ல, பச்சைக் கோடு ஒன்றை. கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் வெள்ளைத் திரையின் நடுவில் நீளமாக ஒரு பெட்டி வரும். அதற்குள் இடமிருந்து வலமாகப் பச்சை நிறம் நிரம்பிக்கொண்டிருக்கும். அடியில் ‘ஏற்றப்படுகிறது, காத்திருக்கவும்’ என்று எழுதியிருக்கும். அதை எழுதியவன் எவனோ, அவன் வாழ்நாளில் யாருக்காகவும் காத்திருந்திருக்க மாட்டான்.

அவள் புருஷன் சென்னியப்பன் இறந்து நாலு வருஷம் ஆகிறது. கோவில் நோம்பிக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்ட வேப்பமரத்தில் ஏறியவர், இறங்கி வந்து தண்ணீர் கேட்டார், வாங்கிக் குடித்தார், அப்படியே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த நேரத்தில் ‘மறுவிழி’ என்ற கம்பெனியின் ஆள் ஒருவன் டை கட்டிக்கொண்டு வந்து நின்றான். மூளையில் இருப்பதை எல்லாம் அப்படியே பதிவு செய்து வைக்கலாம், பிறகு அதைத் திரையில் உயிரோடு நடமாட வைக்கலாம், கண்ணால் பார்ப்பார், காதால் கேட்பார், பேசுவார் என்றான். மூழ்குகிறவளுக்குத் துரும்பு கிடைத்தால் அது எந்தக் கம்பெனித் துரும்பு என்றா பார்ப்பாள்? கையெழுத்துப் போட்டாள்.

“உடனே பேசுவாரா?” என்று மட்டும் கேட்டாள்.

“உடனே முடியாதுங்க மேடம். ஒரு மனுசனுக்குள்ள கோடிக்கணக்கான படம் இருக்குது, சத்தம் இருக்குது. ஒண்ணு விடாம அத்தனையும் ஏத்தின பின்னாடிதான் ஓட விடணும். சட்டமே அப்படித்தான்.”

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. ஆரம்ப காலத்தில் வேறு ஊரில் ஒரு தாயை, படங்கள் பாதி ஏறியிருக்கும்போதே பிள்ளைகள் அவசரப்பட்டு ஓட விட்டுவிட்டார்கள். மகன் குரல் ஏறியிருந்தது, மகன் முகம் ஏறவில்லை. எதிரே நின்று அம்மா என்று கூப்பிட்டவனை யாரென்று தெரியாமல் அந்த அம்மாள் அலறிய அலறல் நிறுத்தும் வரைக்கும் ஓயவில்லையாம். அதற்கப்புறம்தான் முழுசாக ஏற்றாமல் யாரையும் தொடங்கக் கூடாது என்று வந்தது. நல்ல சட்டம்தான். கோகிலவாணியும் அப்படித்தான் நினைத்தாள்.

அந்த ஆள் போகும்போது வீட்டிலிருக்கும் படங்கள், வீடியோக்கள், அவள் குரலில் நாலு வார்த்தை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னான். கண் விழிக்கும்போது தெரிந்த முகமும் தெரிந்த குரலும் இருந்தால் மிரள மாட்டாராம். அவள் கொடுத்ததில் இரண்டு சமாச்சாரங்கள் முக்கியம். ஒன்று, அவள் குரலில் பதிந்த ஒரே ஒரு வரி: “ஏனுங்க, நான் இங்கயேதான் இருக்கறேன்.” இன்னொன்று, ஒரு மண்டபத்தில் சமையல்காரர் விளையாட்டாக எடுத்த வீடியோ.

அந்த வீடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவர்கள் தொழிலைச் சொல்ல வேண்டும். சென்னியப்பன் மைக் செட்காரர். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் அவர் ஒலிபெருக்கி கட்டாத மண்டபம் குறைவு. கல்யாண வீட்டார் வருவதற்கு முன் காலி மண்டபத்தில் சோதனை நடக்கும். அவர் மேடையில் மைக்கைப் பிடித்து நிற்பார். கோகிலவாணி கடைசி வரிசைக்கும் பின்னால், சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நிற்பாள்.

“ஹலோ... ஹலோ... கோகிலா, கேக்குதா? கேட்டா கை தூக்கு.”

தெளிவாகக் கேட்டால் கையைத் தூக்குவாள். எதிரொலித்தால் கையை ஆட்டுவாள். இது தொழில். இதற்குள் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் சென்னியப்பன் வாயைத் திறந்தால் சோறு, குழம்பு, ஒயர், ஃப்யூஸ் தவிர எதுவும் வராது. மைக்கைப் பிடித்து, எதிரில் ஆயிரம் காலி நாற்காலியும் அந்தக் கடைசியில் அவளும் என்று ஆகிவிட்டால் மனிதர் மாறிவிடுவார். “கோகிலா, இந்தச் சீல உனக்கு நல்லாருக்குது. கேட்டுதா?” என்று மண்டபமே அதிரும். சமையல்காரர்கள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவள் வெட்கத்தோடு, ஆனால் தூக்காமல் இருக்க மாட்டாமல், கையைத் தூக்குவாள். அவர்கள் குடும்பம் நடத்தியது வீட்டில். காதலித்தது காலி மண்டபங்களில்.

அப்படி அவள் மாம்பழ மஞ்சள் சேலையில் வாசலோரம் நின்று, சிரித்துக்கொண்டே கை தூக்குகிற வீடியோதான் அது. இருந்ததிலேயே நல்லது என்று அதைக் கொடுத்தாள்.

பச்சைக் கோடு நகர்ந்தது. முதல் வருஷம் நகர்ந்ததே தெரியவில்லை. மைக் செட்டை அவளே ஏற்று நடத்தினாள். ஆட்கள் ஒயர் இழுக்கும்போது ஒரு தடவை பக்கத்தைத் திறப்பாள். டீ வந்தால் ஒரு தடவை. தூக்கம் பிடிக்காவிட்டால் கணக்கே இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்கள் சீரியல் பார்த்தால் இவள் பச்சைக் கோடு பார்த்தாள். திறந்ததும் ஒரு நிமிஷம் கைபேசி லேசாகச் சுடும், பெட்டி ஒரு தடவை மினுங்கும், அப்புறம் கோடு நிற்கும். அந்தச் சூட்டைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். பைத்தியக்காரத்தனம்தான். யாருக்கும் தெரியாத பைத்தியக்காரத்தனத்தில் ஒரு சுகம் உண்டு.

“மொளச்சுதான்னு தெனமும் வெதயத் தோண்டிப் பாக்கறவளாட்ட இருக்கறயே,” என்று அவள் நாத்தனார் ஒருநாள் சொன்னாள். கோகிலவாணி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாலாவது வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெட்டி நிரம்பியிருந்தது. ‘காத்திருக்கவும்’ போய் ‘தொடங்கு’ என்று ஒரு பொத்தான் வந்திருந்தது. அவள் விரல் அதன் மேல் போய் நின்ற நேரத்தில் கைபேசி அடித்தது.

“கோகிலவாணி அக்காங்களா? மறுவிழியில இருந்து பெனாசிர் பேசறேன். அக்கா, தயவு பண்ணி அந்தப் பட்டன அமுத்திடாதீங்க. ஆபீசுக்கு வர முடியுங்களா? நேர்லதான் சொல்லணும்.”

சரவணம்பட்டியில் கண்ணாடிக் கட்டடம். பெனாசிருக்கு முப்பது வயது இருக்கும். ஏற்றுகிற வேலையைக் கவனிக்கும் பகுதிக்கு அண்மையில்தான் வந்தவளாம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கதவைச் சாத்தினாள். ஆஸ்பத்திரியில் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்கள் என்பது கோகிலவாணிக்கு ஞாபகம் வந்தது.

“ஏதாவது அழிஞ்சு போச்சுங்களா?”

“இல்லீங்க்கா. எல்லாம் பத்திரமா ஏறியிருக்குது. ஒண்ணுகூட விட்டுப் போகல.”

“அப்பறம் என்னங்க?”

பெனாசிர் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மேசையைத் துடைத்தாள். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

“அக்கா, சாதாரணமா வெப்சைட்டுல ஒரு பொம்மைப்படம் ஓட்டணும்னா, மொதல்ல படம் சத்தமெல்லாத்தையும் ஏத்திக்குவோம். இல்லாட்டி நடுவுல திக்கும். படம் ஏறிருச்சான்னு பாத்தாத் தெரிஞ்சுரும். சத்தம் அப்படி இல்ல. ஏறிருச்சுன்னு காட்டும், ஓட்டினா வராது. அதனால பழைய காலத்துல இருந்தே எங்காளுங்க ஒரு வேல பண்ணுவாங்க. சத்தத்த சுத்தமாக் குறச்சுட்டு, யாருக்கும் தெரியாம ஒருக்கா ஓட்டிப் பாத்துருவாங்க. ஒத்திகை மாதிரி. ஓடிருச்சுன்னா ஏறிருச்சுன்னு அர்த்தம்.”

“நாங்களும் மைக் டெஸ்ட் பண்ணுவமுங்க,” என்றாள் கோகிலவாணி.

“ஆமாங்க்கா. பாட்டா இருந்தா ஒண்ணுமில்ல. ஓடும், நிக்கும், பாட்டுக்கு என்ன தெரியப் போகுது. அந்தப் பழைய ஏற்பாட்டையே எடுத்து இங்கயும் வச்சுட்டாங்க. யாரும் யோசிக்கல. இது பாட்டு இல்லியே அக்கா.”

கோகிலவாணிக்குப் புரிய ஆரம்பித்தது. புரிவதை நிறுத்த முடிந்தால் நிறுத்தியிருப்பாள்.

“அவரு முழிச்சுட்டாருங்களா?”

“ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒரு நிமிசம் முழிச்சிருக்காரு. திரையில கோடு மட்டுந்தான் தெரியும். அவரு பேசினாலும் நமக்குக் கேக்காது. நாந்தான் போன வாரம் எதேச்சையா சத்தத்த ஏத்தி வச்சுப் பாத்தேன். அப்பத்தான்...” பெனாசிர் நிறுத்திக்கொண்டாள்.

“என்ன சொன்னாரு?”

“அன்னிக்கு ஒண்ணும் சொல்லலீங்க்கா. மூச்சுச் சத்தம் மட்டுந்தான்.”

 

“இந்த ஒத்திகைய எப்பப்ப வப்பீங்க?” என்று கோகிலவாணி கேட்டாள். தொழில்காரியின் கேள்வி. கேட்ட பிறகுதான் அது எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தது.

பெனாசிர் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். “நாங்க வைக்கறதில்லீங்க்கா. யாராவது அந்தப் பக்கத்தத் தொறந்தா அதுவா ஓடும்.”

கைபேசி கோகிலவாணியின் மடியில் இருந்தது. அவள் அதை எடுத்து, பாம்பை எடுத்து வைப்பது போல, மேசையின் மறுகோடியில் வைத்தாள். டீக்கு ஒரு தடவை. ஒயர் இழுக்கும்போது ஒரு தடவை. தூக்கம் வராத ராத்திரிகள். கன்னத்தில் வைத்துக்கொண்ட அந்தச் சூடு.

“நான் மட்டுந்தானுங்களா இப்படித் தொறந்தது?”

“எல்லாரும் தொறப்பாங்க. மாசத்துக்கு ஒருக்கா, விசேச நாளுக்கு. ஒரேயடியா மறந்து போனவங்களும் இருக்காங்க.” பெனாசிர் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னாள். “அவங்க வீட்டாளுங்க நல்லாத் தூங்கிட்டிருக்காங்க அக்கா.”

கோகிலவாணிக்கு அழுகை வரவில்லை.  கிடைத்ததைப் பற்றிக்கொள்கிற குரலில் கேட்டாள்.

“முழிக்கும்போது அங்க என்னங்க இருக்கும் அவருக்கு? இருட்டா?”

“இருட்டு இல்ல. சின்ன ஃபைலுங்க மொதல்ல ஏறிரும். நீங்க குடுத்த வீடியோ, நீங்க பேசினது, அதெல்லாம் மொத நாளே ஏறிருச்சு. அவரோட சொந்த ஞாபகமெல்லாம் வந்து சேர வருசக்கணக்காச்சு. அது வரைக்கும் அவருக்கு முன்னால இருந்தது நீங்க மட்டுந்தான்.”

“அப்ப நான் கூட இருக்கறேன்னு தெரிஞ்சிருக்கும்ல?” கோகிலவாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “கை தூக்கறேன் பாருங்க அதுல. அவரு கேக்குதான்னு கேட்டிருந்தா, நான் கை தூக்கியிருப்பேன். அவருக்கு ஆறுதலா இருந்திருக்குமில்ல?”

பெனாசிர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

“அந்த ஒத்திகையெல்லாம் அவரு ஞாபகத்துல இருக்குதுங்களா? அத மட்டும் அழிக்க முடியாதா?”

“மாவுல கலந்த உப்பாட்ட ஆயிருச்சுக்கா. தனியா எடுக்க முடியாது. அழிச்சா அவரையே அழிக்கணும். கம்பெனியில அப்படித்தான் பண்ணிரலாம், வீட்டுல சொல்ல வேண்டாம்னு சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. முடிவ நீங்கதான் சொல்லணும். தொடங்காம இப்படியே விட்டா அவரு பாட்டுக்குத் தூங்குவாரு.”

கோகிலவாணி நிறைய நேரம் யோசித்தாள் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். அவள் யோசிக்கவே இல்லை.

“தொடங்குங்க. ஒருக்கா நான் நேர்ல இருக்கறேன்னு அவருக்குத் தெரிஞ்சாப் போதும். ஒரே ஒருக்கா. அப்பறம் அவரு என்னைத் திட்டினாலும் சரி.”

பெரிய அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள் பெனாசிர். சுவர் முழுக்கத் திரை, அதன் மேல் கேமரா. அவர் பார்வைக்கு அறை தெரியும், அவர் காதுக்கு அறை கேட்கும். கோகிலவாணி நாற்காலியை வேண்டாம் என்றுவிட்டு, திரையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி, கதவோரம் போய் நின்றாள். அந்த இடம்தான் அவளுக்குப் பழக்கம்.

பச்சைப் பெட்டி மறைந்தது. ஒரு மண்டபத்து மேடை வந்தது. மேடையில் சென்னியப்பன் நின்றிருந்தார். அதே கட்டம் போட்ட சட்டை, அதே காதோர நரை. நாலு வருஷத்தில் அவளுக்குத்தான் வயதாகியிருந்தது. சட்டைப் பையில் டெஸ்டர் துருத்திக்கொண்டிருந்தது.

அவர் அவளைப் பார்த்தார். பார்வையில் திடுக்கிடல் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. தினமும் பார்க்கிற சுவரைப் பார்ப்பது மாதிரி இருந்தது. உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

பெனாசிர் பதறிப்போய் ஒலியைச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. “சத்தம் ஓடிட்டுதான் இருக்குதுக்கா. அவருதான் குரல் குடுக்காம வாயை மட்டும் அசைக்கறாரு.”

கேட்காது என்று முடிவாகிவிட்ட பிறகு எந்த மனிதன் தொண்டையைச் செலவழிப்பான்? ஆனால் அந்த உதட்டசைவைப் படிக்க கோகிலவாணிக்குச் சத்தம் தேவைப்படவில்லை. எத்தனை மண்டபத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து படித்த அசைவு அது. கோகிலா, கேக்குதா.

அவள் கையைத் தூக்கினாள். எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம். தூக்கிக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

சென்னியப்பன் தலையை லேசாக ஆட்டினார். கையெழுத்துப் போடத் தெரிந்த குழந்தை மறுபடி மறுபடி அதையே போட்டுக் காட்டினால் பெரியவர்கள் ஆட்டுவார்களே, அப்படி. அந்த வீடியோவில் அவள் கை ஓயாமல் எழுந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. அவர் கேட்டபோதும் எழுந்தது, கேட்காதபோதும் எழுந்தது. தண்ணி கொண்டா என்றபோதும், எனக்குப் பயமா இருக்குது புள்ள என்றபோதும், ஒன்றும் பேசாமல் வெறுமனே நின்றபோதும் அதே சிரிப்போடு அதே கை அதே உயரத்துக்கு எழுந்து இறங்கியிருக்கிறது. கோகிலவாணிக்கு அது அந்த நொடியில் விளங்கியது. பெனாசிர் ஏன் டம்ளரை நகர்த்தினாள் என்பதும் விளங்கியது.

கையைச் சட்டென்று இறக்கினாள். “ஏனுங்க, நான் இங்கயேதான்...” என்று ஆரம்பித்தவள் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். அதையும் அவள்தான் பதிந்து கொடுத்திருந்தாள்.

கொடுக்காதது எது? தேடினாள். வேகமாகத் தேடினாள்.

“ஏனுங்க, பழைய ஆம்ப்ளிஃபையர் புகைஞ்சு போச்சு. நாந்தான் ஒயர மாத்திக் குடுத்துட்டேன். உங்க அக்கா பேரனுக்குப் பேரு வச்சாச்சு. முன்பல்லு ஒண்ணு விழுந்துருச்சு எனக்கு, இதா பாருங்க. கிட்ட வரேன் பாருங்க.” ஓடிப்போய்த் திரையில் இரண்டு உள்ளங்கையையும் பதித்துக்கொண்டு நின்றாள். “நாந்தானுங்க. படமில்ல. நாந்தான்.”

சென்னியப்பன் அவளை உற்றுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. நரை, விழுந்த பல், உள்ளங்கை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் எதுவோ எழுந்திருக்கப் பார்த்தது.

பிறகு அவர் பேசினார். நாலு வருஷம் கழித்து அந்தக் குரலை அவள் கேட்டாள். கம்மிப்போயிருந்தது, கோபமில்லாமல் இருந்தது. தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற குரல்.

“புதுசா ஒரு படம் போட்டிருக்கறாங்களாட்ட இருக்குது.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம் கழிந்து தானாக நின்றுவிடும் என்று காத்திருப்பவராக நின்றார். அவள் கூப்பிட்டாள், திரையைத் தட்டினாள், பெயர் சொல்லியே கூப்பிட்டாள், கல்யாணமான நாளிலிருந்து செய்யாத காரியம் அது. நிமிஷம் கழிந்தும் நிற்காததைப் பார்த்து அவருக்கு மெல்ல நடுங்க ஆரம்பித்தது. கண்ணை மட்டும் திறக்கவில்லை.

“நிறுத்திருங்க,” என்றாள் கோகிலவாணி.

அவரை அழிப்பதற்குக் கம்பெனியில் கையெழுத்துக் கேட்டார்கள். போட முடியவில்லை அவளால். கதவு வரை வந்த பெனாசிரிடம் ஒன்று மட்டும் கேட்டாள். “யாரும் தொறக்காட்டி அவருக்கு ஒண்ணும் தெரியாதில்லீங்களா?”

“ஒண்ணும் தெரியாதுக்கா.”

இப்போதும் காலையில் கண் விழித்ததும் கோகிலவாணியின் கை கைபேசிக்குத்தான் போகிறது. எடுக்கிறாள், அந்தப் பக்கத்தைத் திறக்காமல் மடியில் கவிழ்த்து வைக்கிறாள், எழுந்து பல் துலக்கப் போகிறாள். புருஷனுக்கென்று அவள் செய்ய இனி மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதை ஒரு நாள்கூடத் தவறாமல் செய்துகொண்டிருக்கிறாள்.